பனி உருகும் நாளில் நிறையும் நிலவறை

கனடாவின் டொராண்டோ நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், பேஸ்மென்ட் என்று எல்லோரும் அழைக்கும் நிலவறை இல்லாத தனிவீட்டைக் காண்பது அரிது. வீட்டுக்கடியில் அப்படியொரு தளம் அமைவதற்குக் குளிரே முதற்காரணம். மண்ணுக்குள் இருக்கும் நீர் உறையும்போது மண் பருத்து மேலெழும்புகிறது; உறைவு எட்டும் ஆழத்துக்கு மேலாக அஸ்திவாரம் அமைந்துவிட்டால், அந்த எழுச்சி வீட்டையே தூக்கிச் சுவர்களைப் பிளந்துவிடும். டொராண்டோப் பகுதியில் இந்த ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டர் என்று கணக்கிடப்படுவதால், அஸ்திவாரத்தை அதற்கும் கீழே இறக்கியே ஆக வேண்டும். எப்படியும் தோண்டவேண்டிய அந்தப் பள்ளத்தை இன்னும் சிறிது ஆழப்படுத்தினால் ஒரு முழுத் தளமே கிடைத்துவிடுகிறது. வீட்டைச் சூடாக்கும் உலை, வெந்நீர்த் தொட்டி, மின்பலகை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய அனைத்தும் அங்கே இறங்கிவிடுகின்றன. மனிதர்களும் அங்கே வாழ்கிறார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து சென்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய தமிழர்களில் பலருக்கு முதல் முகவரியாக அமைந்தது யாரோ ஒருவர் வீட்டின் நிலவறைதான்; இன்றும் புதிதாக வரும் மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் அதுவே. ஆகையால் நிலவறையில் நீர் புகுவது பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் நனையும் சிறு தொல்லையாக முடிவதில்லை. ஒரு குடும்பத்தின் படுக்கையும் சமையலறையும் பள்ளிப் புத்தகங்களும் கடவுச்சீட்டுகளும் ஒரே இரவில் நீருக்குள் போய்விடுகின்றன.

கோடைப் பெருமழையில் நிலவறை நிறைவதைப் புரிந்துகொள்வது எளிது. 2013 ஜூலை 8 அன்று டொராண்டோ விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நீர் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. குளிர்காலத்து வெள்ளமோ வானம் வெளுத்திருக்கும்போதும் வந்துவிடக்கூடும் என்பதால் மக்களைத் திகைக்க வைக்கிறது. கடுங்குளிர் நாளையே அபாய நாளாகப் பலரும் கருதினாலும், உண்மையான அபாயம் அதையடுத்து வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டும் இளவெப்ப நாளில்தான் இருக்கிறது. குளிர் இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் செய்கிறது: வாரக்கணக்கில் விழும் நீரையெல்லாம் பனியாகத் தரைமேல் சேர்த்து வைக்கிறது, அந்த நீர் வெளியேறவேண்டிய மண்ணையும் குழாய்களையும் வடிகால் வாய்களையும் பனிக்கட்டியால் அடைத்தும் வைக்கிறது. காற்று சூடாகும்போது முதலில் விடுபடுவது தேங்கிய நீர். கடைசியில் திறப்பது மண்.

இந்தக் கால இடைவெளி எவ்வளவு நீளக்கூடும் என்பதை மனிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக் 2014இல் காட்டியது. அந்தக் குளிர்காலத்தில் உறைவு நிலத்துக்குள் 2 மீட்டருக்கும் கீழே இறங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் செல்லும் குடிநீர்க் குழாய்களை மண்ணுக்குள்ளேயே உறையச் செய்தது. மேலே வசந்தம் தொடங்கிய பிறகும் கீழே உறைவு தொடர்ந்து பரவிக்கொண்டிருந்ததால், நீர் உறையாதிருக்க ஒரு குழாயை இரவும் பகலும் மெல்லத் திறந்தே வைத்திருக்குமாறு நகர நிர்வாகம் பல வீட்டாரிடம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

பனியில் அடங்கியிருக்கும் நீரின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். புதிதாக விழுந்த பனி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் உருகும்போது 1 சென்டிமீட்டர் நீராகும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரைமேல் 25 சென்டிமீட்டர் பனி கிடந்தால் அதற்குள் 2,500 லிட்டர் நீர் அடங்கியிருக்கிறது. பல வாரங்கள் கிடந்து இறுகிய பனியோ இன்னும் கனமானது. அதில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரமே 1 சென்டிமீட்டர் நீரைத் தந்துவிடும். இது ஒரு வீட்டின் கூரைக் கணக்கு மட்டுமே. முற்றமும் நடைபாதையும் தெருவும் தனி.

வெயில் மட்டும் பட்டால் பனி மெதுவாகவே உருகும்; பகலில் உருகுவதில் ஒரு பகுதி இரவில் மீண்டும் உறைந்துவிடும். தெற்கிலிருந்து ஈரமான வெப்பக் காற்றும் மழையும் சேர்ந்து வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. இதில் மழைநீரின் வெப்பத்தைவிடக் காற்றிலுள்ள நீராவியின் பங்கே பெரிது. நீராவி குளிர்ந்த பனிமேல் படிந்து நீராக மாறும்போது தன்னுள் இருந்த உள்ளுறை வெப்பத்தை, அதாவது நிலை மாறும்போது வெப்பநிலையைக் கூட்டாமலே வெளிப்படும் வெப்பத்தை, பனியிடம் விட்டுவிடுகிறது. ஒரு கிராம் நீராவி இவ்வாறு படியும்போது ஏழு கிராமுக்கும் அதிகமான பனிக்கட்டியை உருக்கப் போதுமான வெப்பம் கிடைக்கிறது. ஆகவே பனிமூட்டத்துடன் காற்று வீசும் மந்தமான, மழை தூறும் இரவு, பளிச்சென்ற வெயில் நாளைவிட அதிகப் பனியைக் கரைக்கவல்லது. 2018 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தின் தெற்கில் பருவத்துக்கு ஒவ்வாத வெப்பமும் மழையும் ஒன்றாக வந்தபோது, கிராண்ட் ஆற்றின் பனிக்கட்டிப் பாளங்கள் உடைந்து ஓரிடத்தில் சிக்கி நீரோட்டத்தை அடைத்துக்கொள்ள, பிராண்ட்ஃபோர்ட் நகரில் ஏறத்தாழ 4,900 பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

ஆறு கரை புரளாத ஊரிலும் அத்தகைய இரவில் நிலவறைகள் நனைகின்றன. இலையுதிர்காலத்தில் நன்கு நனைந்து, பனிப்போர்வை விழுமுன்பே உறைந்துவிட்ட மண், துளைகளெல்லாம் பனிக்கட்டியால் நிரம்பிக் கான்கிரீட்டைப் போல நீரை உட்புக விடாமல் நிற்கிறது. அதனால் உருகிய நீர் மேற்பரப்பிலேயே சரிவைத் தேடி ஓடுகிறது. இந்த நிலத்தில் உறையாமல் இருக்கக்கூடிய இடம் வீட்டுச் சுவரை ஒட்டிய குறுகிய பட்டை. நிலவறையிலிருந்து கசியும் வெப்பம் அந்தப் பட்டையை இளகியே வைத்திருக்கிறது. மேலும் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தை மீண்டும் நிரப்பிய மண் என்பதால் அது இயல்பாகவே தளர்வாகவும், ஆண்டுகள் செல்லச்செல்லத் தாழ்ந்தும் போயிருக்கும். முற்றம் முழுவதும் மூடிக்கிடக்க, நீருக்குத் திறந்திருக்கும் வழி வீட்டை ஒட்டியே அமைந்துவிடுகிறது. குளிர்கால நிலவறை வெள்ளத்தின் உட்கரு இதுவே என்று சொல்லலாம். வீட்டைச் சுற்றிச் செய்யவேண்டிய காரியங்கள் பலவும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறக்கின்றன.

சுவரை ஒட்டிய மண் வெளிநோக்கிச் சரியவேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் தொலைவுக்குள் குறைந்தது 10 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நீர் விலகி ஓடும். தாழ்ந்துபோன இடத்தில் களிமண் கலந்த மண்ணை இட்டு உயர்த்துவது மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலையாக இருந்தும், மிகப்பல வீடுகளில் அது செய்யப்படுவதில்லை. கூரை விளிம்பில் நீரை ஏந்தும் பீலிகளை உதிர்ந்த இலைகள் அடைத்திருந்தால் உருகும் நீர் வழிந்து சுவரடியிலேயே விழும். டொராண்டோ நகர மன்றம் 2007இல் இயற்றிய விதி, 2011 முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்து, கூரைநீர்க் குழாய்களை நிலத்தடிச் சாக்கடையிலிருந்து துண்டித்துத் தரைமேல் விடும்படி வீட்டாரைப் பணித்தது. பெருமழையில் சாக்கடை நிரம்பி வழிவதைத் தடுக்கும் நல்ல நோக்கம் கொண்டது அது. ஆனால் துண்டித்த குழாயின் வாய் சுவரடியிலேயே முடிந்தால், சாக்கடைக்குப் போன நீர் இப்போது நிலவறைச் சுவருக்குப் போகிறது. ஆகவே குழாயை நீட்டி, சுவரிலிருந்து 2 மீட்டர் அளவுக்கு அப்பால், நடைபாதையில் உறைந்து வழுக்காத இடத்தில் நீரை விடவேண்டும். வாசலிலும் வண்டிப்பாதையிலும் வாரும் பனியைச் சுவரோரம் குவிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். நிலவறைச் சன்னலைச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளத்தில் பனி நிறைந்தால், அது உருகும்போது நீர் சன்னல் சட்டத்தின் வழியே நேராக அறைக்குள் இறங்கும். அதோடு, தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அடைபட்டுவிடும். பனி தங்காத மூடி ஒன்றைப் பொருத்தினால் முதல் கேடு நீங்கும். அந்த மூடி உள்ளிருந்து எளிதில் தள்ளித் திறக்கக்கூடியதாக இருப்பது கட்டாயம்.

மண்ணுக்குள் இறங்கிவிட்ட நீர் சுவரைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒரு மீட்டர் ஆழ நீர் தன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் ஏறத்தாழ ஒரு டன் எடையளவு அழுத்தத்தைச் செலுத்துகிறது. கான்கிரீட்டிலுள்ள மயிரிழை விரிசலும், சுவரும் தரையும் சந்திக்கும் மூட்டும் அந்த அழுத்தத்துக்கு வழிவிடுகின்றன. இதைத் தணிப்பதற்காகவே அஸ்திவாரத்தின் அடியோரமாக வீட்டைச் சுற்றி, துளையிட்ட குழாய் ஒன்று சரளைக்கல்லுக்குள் பதிக்கப்படுகிறது. வீப்பிங் டைல் என்று கட்டுமானத் தொழிலாளர்கள் அழைக்கும் இது, முற்காலத்தில் சுட்ட களிமண் துண்டுகளாலும் இக்காலத்தில் பிளாஸ்டிக்காலும் செய்யப்படுகிறது. பழைய வீடுகளில் இந்தக் குழாய் பெரும்பாலும் தெருச் சாக்கடையோடு இணைந்திருக்கும். புதிய வீடுகள் பலவற்றில் நிலவறைத் தரையில் வெட்டிய குழிக்கு நீரைக் கொண்டுவரும். சம்ப் என்று அந்தக் குழிக்குப் பெயர். தமிழ்நாட்டு வீடுகளில் குடிநீர் சேர்த்து வைக்கும் சம்ப் தொட்டியிலிருந்து இது வேறானது. வெளியேற்றவேண்டிய நீர் மட்டுமே இதில் சேரும். நீர்மட்டம் உயர்ந்ததும் மிதவை ஒன்று மேலெழுந்து, குழிக்குள் இருக்கும் மின்பம்பைத் தானாக இயக்கி நீரை வீட்டுக்கு வெளியே தள்ளச் செய்கிறது.

கோடையில் ஆண்டுக்கணக்கில் குறையின்றி இயங்கிய பம்ப் குளிர்காலத்தில் இரண்டு வழிகளில் தோற்கிறது. வெளியே செல்லும் அதன் குழாயில் தேங்கிய நீர் உறைந்து வாயை அடைத்துக்கொள்ள, பம்ப் வீணாக ஓடிச் சூடேறிக் கருகுகிறது. அந்த நேரத்தில் குழி நிரம்பி நீர் தரைமேல் பரவுகிறது. குழாய் முழுவதும் வெளிநோக்கிய சரிவில் அமைந்து, பம்ப் நின்றவுடன் உள்ளிருக்கும் நீர் வடிந்துவிடுமானால் உறைவதற்கு எதுவும் மிஞ்சாது. அத்துடன், சுவரை விட்டு வெளிவரும் இடத்தில் இடைவெளியுள்ள இணைப்பு ஒன்றைப் பொருத்தினால், கடைசி முனை உறைந்தாலும் நீர் அந்த இடைவெளி வழியாகவாவது வெளியே விழும். இரண்டாவது தோல்வி மின்சாரத்தைப் பற்றியது. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொராண்டோவைத் தாக்கிய உறைமழையில், விழுந்த நீர் மரக்கிளைகள்மேலும் மின்கம்பிகள்மேலும் உறைந்து கனத்து அவற்றை முறித்ததால், நகரில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரம் வரவில்லை. மின்சாரம் இல்லையென்றால் பம்ப் இல்லை, உலையும் இல்லை. முதலாவது நிலத்தடி நீரை உள்ளே விடுகிறது, இரண்டாவது வீட்டுக் குழாய்களை உறைய விடுகிறது. மின்கலத்தில் இயங்கும் துணைப் பம்ப் ஒன்று இருக்குமானால் முதல் ஆபத்தைச் சில மணி நேரமாவது தள்ளிப்போடலாம்.

தரைமேல் ஓடும் நீருக்கும் நிலத்தடி நீருக்கும் அடுத்த மூன்றாவது நுழைவாயில் கழிவுநீர்க் குழாய். டொராண்டோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. தனித்தனிக் குழாய்கள் உள்ள இடங்களிலும் உருகும் பனிநீர் விரிசல்கள் வழியாகவும், பழைய வீடுகளின் வீப்பிங் டைல் இணைப்பு வழியாகவும் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்துவிடுகிறது. தெருக்குழாய் நிரம்பியதும் நீர் பின்னோக்கி வந்து, அந்தத் தெருவின் மிகத் தாழ்ந்த திறப்பின் வழியே மேலெழும். அது யாரோ ஒருவர் நிலவறையின் தரை வடிகாலாகவோ கழிப்பறையாகவோ இருக்கும். இதைத் தடுக்கும் கருவி பின்னோட்டத் தடுப்பு வால்வு. வெளியே போகும் நீருக்குத் திறந்து, திரும்பி வரும் நீருக்குத் தானே மூடிக்கொள்ளும் ஒரு மடலைத் தவிர அதில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. வின்னிபெக் நகரம் 1979 முதல் புதிய வீடுகளில் இதையும், 1990 முதல் சம்ப் குழியையும் கட்டாயமாக்கியது. டொராண்டோ நகரம் இவற்றைப் பொருத்துவோருக்கு மானியம் அளிக்கிறது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் குளித்தால் அல்லது துணி துவைத்தால், வெளியேற வழியில்லாத அந்த வீட்டின் சொந்தக் கழிவுநீரே நிலவறையில் எழும் என்பதை வீட்டில் உள்ள அனைவரும், குறிப்பாக மேல்தளத்தில் வாழ்பவர்கள், அறிந்திருக்க வேண்டும். மடலில் கொழுப்பு படிந்தால் அது மூடாது. தமிழ்ச் சமையலறைகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு: தேங்காயெண்ணெய் 24 டிகிரி செல்சியசை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும், நெய்யும் குளிரில் இறுகிவிடும், தாளித்த சட்டியையும் பொரித்த எண்ணெயையும் தொட்டியில் ஊற்றினால், மண்ணுக்குள் குளிர்ந்து கிடக்கும் கழிவுக்குழாயில் அவை அடைப்பாகத் திரளும். எண்ணெயை ஆறவிட்டுக் காகிதத்தில் துடைத்தோ புட்டியில் அடைத்தோ குப்பையில் சேர்ப்பதே சரியான வழி.

இதுவரை சொன்னவை வெளியிலிருந்து வரும் நீர். வீட்டுக்குள்ளிருந்தே வெள்ளம் வருவதும் உண்டு. அதற்குக் காரணம் குடிநீர்க் குழாய் வெடிப்பு. நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது என்பதால், பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளிக் குழாயைப் பிளக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. குழாயின் ஓரிடத்தில் உருவாகும் பனிக்கட்டி அடைப்பு வளரும்போது, அதற்கும் மூடிய குழாய் முனைக்கும் இடையே சிக்கிக்கொண்ட நீரை நெருக்குகிறது. தப்பிக்க இடமில்லாத அந்த நீரின் அழுத்தம் பன்மடங்காக ஏறி, பனிக்கட்டி இல்லாத வேறோர் இடத்தில் குழாயை வெடிக்கச் செய்கிறது. கடுங்குளிர் இரவில் குழாய்முனையை நூலிழையாக ஒழுக விடும் பழக்கம் பயன்படுவது இதனால்தான். சிக்கிய நீருக்கு அது வெளியேறும் வழியைத் தருகிறது. அதே ஆய்வு, காப்புறை இல்லாத குழாய்களுக்கு வெளியே உறைநிலைக்குக் கீழ் 7 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிரிலேயே எச்சரிக்கை தேவை என்றும் கூறியது. வெடித்த குழாய் உடனே ஒழுகுவதில்லை, ஏனெனில் அடைப்பே அதை மூடி வைத்திருக்கிறது; இளவெப்பம் வந்து அடைப்பு கரைந்ததும், நகரக் குழாயின் முழு அழுத்தத்தோடு நீர் பீறிட்டு, ஒரு மணி நேரத்தில் ஆயிரம் லிட்டருக்கும் மேலாகக் கொட்டக்கூடும்.

தோட்டத்துக்கு நீர்விடும் வெளிக்குழாய் இவ்வகையில் மிக அதிகமாகத் துன்பம் தருவது. ரப்பர்க் குழாயைக் கழற்றாமல் விட்டால் நீர் உள்ளே தங்கி உறைந்து, சுவருக்கு உட்புறத்தில் வெடிப்பை உண்டாக்கும். ஏப்ரல் மாதத்தில் முதல் முறையாகத் தண்ணீரைத் திறக்கும்போதுதான் அது நிலவறைக் கூரையிலிருந்து ஊற்றுவது தெரியவரும். அக்டோபர் முடிவதற்குள் ரப்பர்க் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளிமுனையைத் திறந்து வடியவிட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் குழாய்களுக்கு நுரைக் காப்புறை இடுவதும், கடுங்குளிர் இரவுகளில் தொட்டிக்கடி அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து அறையின் வெப்பம் குழாயை எட்டச் செய்வதும் அதிகச் செலவில்லாத காப்பு. உறைந்துவிட்ட குழாயை இளக்க, முடி உலர்த்தும் கருவியைக் குழாய்முனைப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பயன்படுத்தலாம். நெருப்புச் சுடரைக் காட்டி வீட்டையே எரித்தவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டின் முழு நீர்வரத்தையும் நிறுத்தும் தலைமை வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது தெருவை நோக்கிய நிலவறைச் சுவரில், பெட்டிகள் அடுக்கி மறைக்கப்பட்ட இடத்திலேயே இருக்கும்.

நீர் நிறைந்த நிலவறைக்குள் உடனே இறங்குவது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் மின்பலகையும் உலையும் அங்கேயே இருக்கின்றன. மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியான பிறகே கால்வைக்க வேண்டும். நனைந்த கம்பளத்திலும் ஜிப்சம் பலகையிலும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால் உலர்த்தும் வேலையும் தள்ளிப்போட முடியாதது.

கனடாவில் ஒரு நிலவறை வெள்ளத்துக்குச் சராசரியாக 40,000 டாலருக்கு மேல் செலவாகிறது என்று காப்பீட்டுத் துறையும் ஆய்வாளர்களும் குறிப்பிடுகின்றனர். வழக்கமான வீட்டுக் காப்பீடு பொதுவாக இதை முழுவதும் ஏற்பதில்லை. கழிவுநீர்ப் பின்னோட்டத்துக்குப் பெரும்பாலும் தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தரைமேல் வரும் வெள்ளத்துக்கான காப்பீடோ 2015 வரை அந்நாட்டு வீட்டாருக்குக் கிடைக்கவே இல்லை. குழாய் உறைந்து வெடித்த இழப்பிலும் பல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை உண்டு: வெப்பமூட்டும் பருவத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் வீடு ஆளின்றி இருந்தால், எவரேனும் நாள்தோறும் வந்து பார்த்திருக்கவேண்டும், அல்லது நீரை நிறுத்திக் குழாய்களை வடித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். தைப்பொங்கலுக்கோ திருமணத்துக்கோ மூன்று நான்கு வாரம் யாழ்ப்பாணமும் சென்னையும் சென்றுவரும் குடும்பங்கள் மிக எளிதாக மீறிவிடும் நிபந்தனை இது. வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் நொய்மையானது. ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம் வீட்டைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர்மேல் சுமத்துகிறது என்றாலும், உரிமையாளரின் காப்பீடு வாடகையாளரின் உடைமைகளுக்கு ஈடு தராது. அதற்கு வாடகையாளர் தம் பெயரில் தனிக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். நிலவறையை வாடகைக்கு எடுப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, அங்கு முன்பு நீர் புகுந்ததுண்டா, பின்னோட்டத் தடுப்பு வால்வும் துணைப் பம்பும் இருக்கின்றனவா, தலைமை வால்வு எந்தச் சுவரில் உள்ளது, வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் யாரை அழைப்பது ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.